நட்சத்திர வீரரை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? பேஸ்பால் அணிகளுக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

ஹூஸ்டன், டாலஸ், நியூ ஜெர்சி பக்கம் குடியேறி, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்க்கப் பழகிய வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். எங்கள் அணி சில வருடங்களாக ஜெயிக்கவும் இல்லை, மொத்தமாகத் தோற்கவும் இல்லை. உருப்படியான ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார், அவருடைய ஒப்பந்தம் முடிய இரண்டே வருடம். இப்போது அவரை விற்றுவிட்டு இளம் வீரர்களை வாங்க வேண்டுமா? அல்லது அவருக்குத் துணையாக இன்னும் நாலு பேரைக் காசு கொடுத்துப் பிடிக்க வேண்டுமா?

இதற்கு எல்லா அணிக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) அணிகள் ஒவ்வொரு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டன. எது எங்கே பலித்தது, எது எங்கே கவிழ்ந்தது என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

## முதலில் விதிகள்

ஐபிஎல் பார்த்து வளர்ந்தவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிட வேண்டும். ஒன்று, எல்லா அணிக்கும் ஒரே பர்ஸ். 2025 ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய்தான், அதற்கு மேல் ஒரு பைசா கூடாது. மேஜர் லீகில் அப்படி உச்சவரம்பே இல்லை. இன்னொன்று, மெகா ஏலம். ஐபிஎல்லில் ஒரு வீரரைத் தப்பான விலைக்கு வாங்கிவிட்டால், இரண்டு மூன்று வருடத்தில் மெகா ஏலம் வந்து அந்தக் கணக்கைத் துடைத்துவிடும். பேஸ்பாலில் பத்து வருட ஒப்பந்தம் போட்டால் பத்து வருடமும் பணம் கட்டியாக வேண்டும். வீரர் காயப்பட்டாலும் சரி, பந்தைத் தொடவே முடியாத நிலைக்குப் போனாலும் சரி, கையெழுத்துப் போட்ட தொகை அவருக்கு உறுதி.

உச்சவரம்பு இல்லையே தவிர, சொகுசு வரி என்று ஒன்று உண்டு. 2025இல் அதன் எல்லை 24.1 கோடி டாலர். அதைத் தாண்டிச் செலவழித்த தொகைக்கு முதல் வருடம் 20%, இரண்டாம் வருடம் 30%, மூன்றாம் வருடத்திலிருந்து 50% வரி. எல்லையை 2 கோடி, 4 கோடி, 6 கோடி என்று தாண்டத் தாண்டக் கூடுதல் வரியும் ஏறும். மூன்று வருடம் தொடர்ந்து உச்சத்தில் இருக்கும் அணி கடைசி டாலருக்கு 110% வரி கட்டுகிறது. 4 கோடிக்கு மேல் தாண்டினால் டிராஃப்டில் (புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் தேர்வும் பத்து இடம் பின்னுக்குப் போகும்.

அடுத்தது, வீரரின் முதல் ஆறு வருடங்கள். எந்த அணியின் கணக்கும் இதில்தான் நிற்கிறது. மேஜர் லீகுக்கு வந்த வீரர் முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளத்துக்குத்தான் ஆடுவார். 2025இல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன் என்ற நடுவர் முறையில் சம்பளம் படிப்படியாக ஏறும். ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜெண்ட். அப்புறம் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். ஒரு வீரர் 24 வயதில் வந்தால் அவருடைய உச்சமான வருடங்களில் பெரும்பகுதி அணிக்கு மலிவாகக் கிடைத்துவிடும். 30 வயதில் சந்தைக்கு வருபவருக்கு, அவர் ஏற்கெனவே செய்து முடித்ததற்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டியிருக்கும். கீழே சொல்லும் நான்கு வழிகளும் இந்த ஆறு வருடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் வேறுபடுகின்றன.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறேன்.

பொறுமை. முதலாளியும் ஊர்க்காரர்களும் எத்தனை வருடம் தோல்வியைத் தாங்குவார்கள்?

கையிருப்பு. அணியில் இப்போது இருக்கும் நல்ல இளம் வீரர்களுக்கு அந்த ஆறு வருடத்தில் எத்தனை மிச்சம்? மைனர் லீகில் (மேஜர் லீகுக்கு ஆட்களைத் தயார்ப்படுத்தும் கீழ்நிலை அணிகளில்) அவர்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா?

வருமானம். பணம் எங்கிருந்து வருகிறது, அது நிலையானதா? லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் உள்ளூர் தொலைக்காட்சி ஒப்பந்தம் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர். சின்ன ஊர் அணிகளுக்கு இதில் சிறு பங்குகூட வராது.

தவறின் நீளம். எடுத்த முடிவு தப்பாகப் போனால் எத்தனை வருடம் அதைச் சுமக்க வேண்டும்? பெரும்பாலான ரசிகர்கள் கணக்கில் எடுக்காதது இதைத்தான். எனக்கு இதுவே முதன்மையானது.

## வழி 1: அடியோடு கலைத்துவிட்டு ஆரம்பிப்பது

விலை போகும் வீரர் எல்லாரையும் விற்றுவிடுவது, சம்பளச் செலவைத் தரைக்குக் கொண்டுவருவது, மூன்று நான்கு வருடம் கடைசியில் முடித்து டிராஃப்டில் முதல் தேர்வுகளை வாங்கிச் சேர்ப்பது. இதற்கு வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்ட அணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 111. அந்த 2013 சீசனைத் தொடங்கியபோது மொத்த அணியின் சம்பளமும் 3 கோடி டாலருக்குக் கீழே. அப்போது பல அணிகளில் இரண்டு நட்சத்திரங்களின் சம்பளமே அதற்கு மேல் இருந்தது.

அந்தத் தோல்விகளில் கிடைத்ததை அவர்கள் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2012 டிராஃப்டில் முதல் தேர்வான கார்லோஸ் கொரேயாவுக்கு அந்த இடத்துக்கு ஒதுக்கப்பட்டது 72 லட்சம் டாலர். அவர் 48 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். மிச்சப் பணத்தில், மற்ற அணிகள் கேட்கும் விலையைப் பார்த்து விட்டுவிட்ட லான்ஸ் மக்கலர்ஸ் என்ற பிட்சரையும் (பந்து வீசுபவர்) அமுக்கிக்கொண்டார்கள். ஆஸ்ட்ரோஸ் கோப்பையை வென்ற 2017 வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரில், ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் அவர்தான். அந்தக் கோப்பையின் மேல் எதிரணியின் சைகைகளைத் திருடிய ஊழலின் கறையும் படிந்திருக்கிறது. அதற்கு 2020இல் 50 லட்சம் டாலர் அபராதமும், நான்கு டிராஃப்ட் தேர்வுகளை இழக்கும் தண்டனையும் கிடைத்தன. அது தனிக் கதை.

சிகாகோ கப்ஸும் 2012இல் 101 ஆட்டம் தோற்று, 2016இல் 108 வருடத்துக்குப் பிறகு முதல் கோப்பையைத் தூக்கியது. அவர்களுடைய சிறந்த பேரங்களில் ஒன்று தோற்ற வருடத்தில்தான் நடந்தது. ஸ்காட் ஃபெல்ட்மேன் என்ற சாதாரணப் பிட்சரை ஒரு வருடத்துக்கு 60 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அவர் பாதி சீசன் நன்றாக வீசியதும் பால்டிமோருக்கு விற்று, அங்கே தடுமாறிக்கொண்டிருந்த ஜேக் அரியெட்டாவை வாங்கினார்கள். இரண்டே வருடத்தில் அரியெட்டா, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

இதைப் பார்த்து ஆளாளுக்குக் கலைக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் மறைந்திருந்த செலவுகள் வெளியே தெரிந்தன.

முதல் செலவு ரசிகர்கள். 2013 செப்டம்பரில் ஆஸ்ட்ரோஸ் ஆட்டம் ஒன்றுக்கு நீல்சன் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பார்வையாளர் அளவீட்டில் 0.0 வந்தது. உள்ளூர் சேனல் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேராததும் ஒரு காரணம்தான். ஆனாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

இரண்டாவது, தோற்கும் அணியில் நல்லவரை அடையாளம் காண்பதும் கஷ்டம். 2014 மார்ச்சில் ஆஸ்ட்ரோஸ் வேண்டாம் என்று விடுவித்த ஜே.டி. மார்ட்டினஸ், அதே வருடம் டெட்ராயிட்டில் வெளுத்து வாங்கினார். 2013 டிராஃப்டின் முதல் தேர்வான மார்க் அப்பெல் ஹூஸ்டனுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் தேர்வு என்பதும் ஒரு லாட்டரிச் சீட்டுதான்.

மூன்றாவது, விதியே மாறிவிட்டது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். மோசமான மூன்று அணிகளுக்கும் சம வாய்ப்பு, தலா 16.5%. பணக்கார அணி தொடர்ந்து இரண்டு வருடமும், வருமானப் பகிர்வில் உதவி வாங்கும் அணி தொடர்ந்து மூன்று வருடமும் அந்தக் குலுக்கலில் இடம் பெற முடியாது. சிகாகோ வைட் சாக்ஸ் 2024இல் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் அதைவிட அதிகம் தோற்ற அணி கிடையாது. அப்படியும் அடுத்த டிராஃப்டில் அவர்களுக்குக் கிடைத்தது பத்தாவது இடம்!

வைட் சாக்ஸை நான் சும்மா இழுக்கவில்லை. கலைப்பு வேலையைப் பாடப்புத்தகம் போலச் செய்தவர்கள் அவர்கள். 2016 டிசம்பரில் கிறிஸ் சேலைப் பாஸ்டனுக்கு விற்று யோன் மொன்காடாவையும் மைக்கேல் கோபெக்கையும் வாங்கினார்கள். அடுத்த வருடம் ஹொசே கிண்டானாவைக் கொடுத்து எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் வாங்கினார்கள். அப்போது யாரைக் கேட்டாலும் அருமையான பேரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பலன்? 2020இலும் 2021இலும் பிளேஆஃப் போனார்கள், ஒரு சுற்றுகூடத் தாண்டவில்லை. 2023இல் மறுபடி 101 தோல்வி. ஆறேழு வருட உழைப்பு, பிளேஆஃப் நடக்கும் அக்டோபர் மாதங்கள் இரண்டோடு முடிந்தது.

பால்டிமோர் கதை இன்னும் பாதியில் நிற்கிறது. 2018இல் 115 தோல்வி, 2021இல் 110, அப்புறம் 2023இல் 101 வெற்றி. ஆனால் 2023, 2024 இரண்டு பிளேஆஃபிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2025இல் 75 வெற்றியோடு சரிந்தது. என் பார்வையில் அவர்கள் தவறியது கலைத்ததில் இல்லை. மலிவான இளைஞர்கள் கையில் இருந்தபோதே பிட்சர்களுக்குப் பணம் இறக்கவில்லை. கப்ஸ் அதைச் செய்தது. தோல்விக் காலம் முடியும்போதே ஜான் லெஸ்டருக்கு ஆறு வருடத்துக்கு 15.5 கோடி கொடுத்து, இனி ஜெயிக்கத்தான் ஆடுகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டது. செலவழிக்கும் இரண்டாம் கட்டம் இல்லாத கலைப்பு பாதி வேலைதான்.

எப்போது சரி: அணியில் நல்ல இளம் வீரரே இல்லை, மைனர் லீகும் காலி, ஆனால் விற்க இரண்டு மூன்று நல்ல சரக்கு இருக்கிறது, முதலாளி ஐந்து வருடம் வாய்திறக்க மாட்டார். இந்த நான்கும் சேர்ந்திருந்தால் மட்டும்.

## வழி 2: சந்தையில் காசைக் கொட்டுவது

கேட்க எளிது. பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், வாங்கு. டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை வாங்கிய பிறகு, பணம் இருந்தால் போதும் என்றே பலர் நினைக்கிறார்கள். டாட்ஜர்ஸை யாரும் பார்த்து எழுதக் கூடாது. பணத்துக்குப் பின்னால் அவர்களுக்கு வலுவான மைனர் லீக் அமைப்பும் இருக்கிறது. ஷோஹே ஓதானி மாதிரி 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியைப் பின்னாளில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும் ஆளும் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார்.

சரியான ஒப்பீடு 2023 நியூயார்க் மெட்ஸ். சம்பளச் செலவு 35 கோடி டாலரைத் தாண்டியது. மேக்ஸ் ஷெர்சர், ஜஸ்டின் வெர்லாண்டர் என்று நாற்பதை நெருங்கிய, தாண்டிய இரண்டு பிட்சர்களுக்கு வருடத்துக்குத் தலா 4.33 கோடி. கிடைத்தது 75 வெற்றி. வருட முடிவில் சொகுசு வரியாக மட்டும் சுமார் 10 கோடி டாலர் கட்டினார்கள். பாதியிலேயே தவறு புரிந்து இருவரையும் விற்றார்கள். மிச்சச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தாங்களே கட்டுவதாக ஒப்புக்கொண்டதால்தான் பதிலுக்கு நல்ல இளம் வீரர்கள் வந்தார்கள். அதாவது, காசு கொடுத்து மைனர் லீக் வீரர்களை வாங்கினார்கள். மெட்ஸின் ஸ்டீவ் கோஹன் மாதிரி பெரும் பணக்கார முதலாளி இருந்தால்தான் இது முடியும். மற்றவர்கள் அந்த ஒப்பந்தங்களைக் கடைசிவரை சுமந்திருப்பார்கள்.

சுமந்தவர்களையும் பார்க்கலாம். பால்டிமோர் 2016 ஜனவரியில் கிறிஸ் டேவிஸுக்கு ஏழு வருடத்துக்கு 16.1 கோடி கொடுத்தது. 2018இல் அவருடைய பேட்டிங் சராசரி .168, அதாவது ஏறக்குறைய ஆறு முறை ஆடினால் ஒரு ஹிட். அந்த வருடக் கடைசியிலும் அடுத்த வருடத் தொடக்கத்திலுமாக 54 முறை தொடர்ந்து ஹிட் இல்லாமல் ஆட்டமிழந்தார். 2021இல் ஓய்வே பெற்றுவிட்டார். ஆனால் தள்ளிவைத்த தொகை 2037 வரை போய்க்கொண்டிருக்கும். வாஷிங்டன் நேஷனல்ஸ் 2019 கோப்பையை வாங்கிய கையோடு ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு வருடத்துக்கு 24.5 கோடி எழுதியது. அதன் பிறகு அவர் வீசியது எட்டே ஆட்டம். இதில் அவர் தவறு எதுவும் இல்லை, தோள் போய்விட்டது. வேகமாகப் பந்து வீசும் மனிதக் கையை ஏழு வருடத்துக்கு நம்புவது அவ்வளவு ஆபத்து.

சான் டியேகோ பாட்ரஸிடம் இன்னொரு பாடம் இருக்கிறது. சின்ன சந்தை அணி, ஆனால் உரிமையாளர் பீட்டர் சைட்லர் மனம் விட்டுச் செலவழித்தார். டாட்டிஸுக்கு 34 கோடி, மச்சாடோவுக்கு 35 கோடி, போகார்ட்ஸுக்கு 28 கோடி, எல்லாம் பத்து வருடத்துக்கு மேல். 2023இல் அவர்கள் ஆட்டங்களை ஒளிபரப்பிய நிறுவனம் திவால் மனு போட்டு, மே மாதக் கடைசியில் ஒளிபரப்பையே விட்டுவிட்டது. அதே வருடம் நவம்பரில் சைட்லரும் காலமானார். அடுத்த மாதமே நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவை யாங்கீஸுக்கு விற்றார்கள். வருமானம் என்ற அளவுகோலில் "நிலையானதா" என்று நான் கேட்பது இதனால்தான். ஒப்பந்தம் 2033 வரை இருக்கும், பணம் வரும் வழி அதுவரை இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நன்றாக அமைந்த உதாரணம் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ். 2021இல் 102 தோல்வி. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கோரி சீகருக்குப் பத்து வருடத்துக்கு 32.5 கோடியும் மார்கஸ் செமியனுக்கு ஏழு வருடத்துக்கு 17.5 கோடியும் கொடுத்தார்கள். 2022இலும் 94 தோல்விதான், ஊரே சிரித்தது. 2023இல் கோப்பை வந்தது, தொடரின் சிறந்த வீரர் சீகர். அவரை வாங்கும்போது அவருக்கு வயது 27 என்பதைக் கவனியுங்கள். நீண்ட ஒப்பந்தம் போடுவதென்றால் அந்த வயதில் போட வேண்டும். 32 வயதை நெருங்கிய ஆல்பர்ட் பூஹோல்ஸுக்குப் பத்து வருடம் எழுதிய ஏஞ்சல்ஸ் கதை கீழே வருகிறது.

எப்போது சரி: மலிவான இளம் வீரர்கள் ஏற்கெனவே ஐந்தாறு பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றிரண்டு ஓட்டைகளை அடைத்தால் போதும், வாங்கப்போகும் ஆளுக்கு முப்பது ஆகவில்லை.

## வழி 3: விற்றுக்கொண்டே ஜெயிப்பது

டாம்பா பே ரேஸ், கிளீவ்லண்ட், மில்வாக்கி மூன்றும் இந்தக் கட்சி. மொத்தமாகக் கலைக்கவும் மாட்டார்கள், பெரிதாகச் செலவழிக்கவும் மாட்டார்கள். வீரர் ஃப்ரீ ஏஜெண்ட் ஆவதற்கு ஓரிரு வருடம் முன்பே, மதிப்பு உச்சத்தில் இருக்கும்போது விற்றுவிடுவார்கள்.

ரேஸ் 2018இல் கிறிஸ் ஆர்ச்சரைப் பிட்ஸ்பர்குக்கு விற்று டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் வாங்கியது. 2023 டிசம்பரில் அதே கிளாஸ்னோவை டாட்ஜர்ஸுக்கு விற்று ரயன் பெப்பியோ என்ற இளம் பிட்சரை எடுத்தது. மில்வாக்கி 2024இல் கார்பின் பர்ன்ஸை விற்றது. ஊரே கைவிரித்தபோது அந்த வருடம் 93 ஆட்டமும், 2025இல் 97 ஆட்டமும் ஜெயித்தது. 97 அந்த வருடத்தில் லீகிலேயே அதிகம்.

தவறின் நீளம் என்ற அளவுகோலில் இதுதான் முதலிடம். ஒரு பேரம் சொதப்பினால் அடுத்த குளிர்காலத்தில் இன்னொன்று செய்யலாம், பத்து வருடச் சுமை எதுவும் இல்லை. ஆனால் அக்டோபரில் இந்த அணிகள் திணறுகின்றன. ரேஸ் 2008இலும் 2020இலும் வேர்ல்ட் சீரிஸ் வரை போய்த் தோற்றது, மில்வாக்கி 2025இல் டாட்ஜர்ஸிடம் நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது, கிளீவ்லண்டின் கடைசிக் கோப்பை 1948. இன்னொன்றும் உண்டு, கணக்குப் புத்தகத்தில் வராதது. குழந்தைக்கு யார் பெயர் போட்ட ஜெர்சி வாங்குவது என்று அந்த ஊர்ப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: இதைக் காப்பியடிக்க முடியாது. மற்றவர்கள் தூக்கி எறிந்த பிட்சரைத் தேற்றும் பயிற்சியாளர்களும், யாரும் பார்க்காத வீரரைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக் குழுவும் வருடக்கணக்கில் கட்டியெழுப்பியவை. அவை இல்லாமல் விற்க மட்டும் தெரிந்த அணியை என்னவென்று சொல்வது? கஞ்சத்தனம் என்றுதான்.

எப்போது சரி: வருமானம் குறைவு, முதலாளி கைவிட மாட்டார் ஆனால் பணமும் போட மாட்டார், திறமையை மதிப்பிடும் அலுவலகம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

## வழி 4: இளம் வீரர்களை முன்கூட்டியே கட்டிப்போடுவது

வீரர் சந்தைக்குப் போகும் வரை காத்திருக்காமல், 21, 22 வயதிலேயே நீண்ட ஒப்பந்தம் கொடுத்துவிடுவது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளீவ்லண்டில் ஜான் ஹார்ட் செய்து காட்டிய வித்தை. இப்போது அட்லாண்டா பிரேவ்ஸின் அடையாளமாகிவிட்டது.

2019இல் ரொனால்ட் அக்குன்யாவுக்கு எட்டு வருடத்துக்கு 10 கோடி, ஆசி ஆல்பீஸுக்கு ஏழு வருடத்துக்கு 3.5 கோடி. 2022இல் ஆஸ்டின் ரைலி, மைக்கேல் ஹாரிஸ், ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் என்று வரிசையாக. 3.5 கோடிக்கு ஆல்பீஸ் கையெழுத்துப் போட்டபோது, பையனை ஏமாற்றிவிட்டார்கள் என்று பலரும் கொதித்தார்கள். ஒரு அளவுக்கு நியாயம்தான். ஆனால் வீரர் பக்கமிருந்து பாருங்கள். வருடத்துக்கு ஏழு லட்சம் டாலரில் ஆடுபவருக்கு நாளைக்கே முழங்கால் போனால் எல்லாம் முடிந்தது. அக்குன்யாவுக்கு 2021இல் ஒரு முழங்கால், 2024இல் மறு முழங்கால் போனது. இடையில் 2023இல் 41 ஹோம் ரன், 73 திருட்டு பேஸ் என்று யாரும் செய்யாததைச் செய்து எம்விபி (வருடத்தின் சிறந்த வீரர்) ஆனார். அவருக்கும் கவலை இல்லை, அணிக்கும் நட்டம் இல்லை.

இந்த வழியில் அணிக்குக் கிடைக்கும் பெரிய லாபம் தள்ளுபடி விலை என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரியது, மூன்று வருடம் கழித்து என்ன செலவு இருக்கும் என்று இன்றே தெரிந்திருப்பது. அது தெரிந்தால்தான் மிச்சத்தைத் திட்டமிட முடியும்.

மறைந்த செலவு? தப்பான ஆளைக் கட்டிப்போடுவது. ஃபிலடெல்ஃபியா 2018இல் ஸ்காட் கிங்கரிக்கு ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன் ஆறு வருடம் கொடுத்தது. சியாட்டில் எவன் வைட்டுக்கு அதையே செய்தது. இருவருமே தேறவில்லை. வைட் சாக்ஸும் ஹிமெனெஸ், லூயிஸ் ராபர்ட் இருவரையும் அறிமுகத்துக்கு முன்பே கட்டிப்போட்டது, இருவரும் பாதிக் காலம் காயத்தோடு கழித்தார்கள். ஆனால் தொகையைப் பாருங்கள். கிங்கரியின் ஆறு வருடத்துக்கு 2.4 கோடிதான். டேவிஸ் ஒப்பந்தத்தின் பக்கத்தில் இது சில்லறை. இன்னொரு செலவு நிர்வாகச் சோம்பல். எல்லாரும் கட்டுக்குள் இருக்கிறார்கள் என்று மைனர் லீகைக் கவனிக்காமல் விட்டால், ஒரே வருடத்தில் நாலு பேர் காயப்படும்போது மாற்று ஆள் இருக்காது. 2025இல் அட்லாண்டா 76 வெற்றியோடு நின்றதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

சின்ன ஊருக்கும் இது முடியும். கான்சஸ் சிட்டி 2023இல் 106 ஆட்டம் தோற்ற கையோடு பாபி விட்டுக்கு 11 வருடத்துக்குச் சுமார் 28.9 கோடி கொடுத்தது. அடுத்த வருடமே 86 வெற்றி, பிளேஆஃப்.

எப்போது சரி: கையில் உண்மையான இளம் திறமை இருக்கிறது, ஃப்ரீ ஏஜெண்ட் ஆக நான்கு வருடமாவது மிச்சம். இரண்டு வருடம்தான் மிச்சம் என்றால் தள்ளுபடியை மறந்துவிடுங்கள், அப்போது அது சந்தை விலைதான்.

## ஒரே பார்வையில்

| | தேவைப்படும் பொறுமை | தேவைப்படும் வருமானம் | தவறினால் சுமை | கோப்பை வாய்ப்பு |
|---|---|---|---|---|
| கலைத்தல் | 5 வருடம் | குறைவு, பிறகு நிறைய | நீளம், திரும்பவும் கலைக்க நேரும் | உண்டு, ஆனால் 2023க்குப் பிறகு குறைந்துவிட்டது |
| காசைக் கொட்டுதல் | குறைவு | மிக அதிகம் | 7 முதல் 14 வருடம் | அடித்தளம் இருந்தால் நன்று |
| விற்றுக்கொண்டே ஜெயித்தல் | குறைவு | குறைவு | ஓரிரு வருடம் | பிளேஆஃப் எட்டலாம், கோப்பை கடினம் |
| முன்கூட்டியே கட்டுதல் | நடுத்தரம் | நடுத்தரம் | தொகை சிறியது | நன்று |

## யாரும் சொல்லாத ஐந்தாவது வழி: முடிவெடுக்காமல் இருப்பது

லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸிடம் மைக் ட்ரௌட் இருந்தார், மூன்று முறை எம்விபி. 2018இலிருந்து ஓதானியும் இருந்தார். இந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய வீரர்கள் ஆறு வருடம் ஒரே அணியில். ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட இருவரும் சேர்ந்து ஆடவில்லை.

பூஹோல்ஸுக்கு 24 கோடி, ஜாஷ் ஹாமில்டனுக்கு 12.5 கோடி, ஆண்டனி ரெண்டோனுக்கு 24.5 கோடி. மூவருமே முப்பதை எட்டும் தறுவாயிலோ தாண்டிய பிறகோ வந்தவர்கள். ரெண்டோன் எந்த வருடமும் 58 ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை. இவ்வளவு செலவழித்தும் சொகுசு வரிக்கு மட்டும் பயந்தார்கள். பிட்சர்களை வாங்காமல், மைனர் லீகையும் வளர்க்காமல், கலைக்கவும் மனமில்லாமல் வருடத்துக்கு எழுபது எழுபத்தைந்து வெற்றியில் ஓட்டினார்கள்.

2023 ஜூலையில் ஓதானியை விற்றிருந்தால் அரை டஜன் நல்ல இளைஞர்கள் வந்திருப்பார்கள். ஒரு வருடம் முன்பு நேஷனல்ஸ் சோட்டோவைப் பாட்ரஸுக்கு விற்றபோது சி.ஜே. அப்ராம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட் உட்பட ஆறு பேர் வந்தார்கள். ஏஞ்சல்ஸ் விற்கவில்லை, மாறாக வாங்கினார்கள். இருந்த ஒன்றிரண்டு இளம் வீரர்களைக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோவை எடுத்தார்கள். ஆகஸ்ட் முழுக்கத் தோற்றார்கள், ஓதானியின் முழங்கை கிழிந்தது, மாதக் கடைசியில் ஜியோலிட்டோவையும் இன்னும் சிலரையும் வரியைத் தவிர்க்க இலவசமாகக் கைவிட்டார்கள். டிசம்பரில் ஓதானி டாட்ஜர்ஸுக்குப் போனார். பதிலுக்கு ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தது, டிராஃப்டில் இரண்டாம் சுற்றுக்கும் பின்னால் ஒரே ஒரு இடம்.

## அப்படியானால் அந்த இரண்டு வருடக்காரரை என்ன செய்வது?

முதலில் அவருக்கு நேர்மையான விலை சொல்லுங்கள். சொல்லும்போதே ஒரு கெடுவும் வையுங்கள், அடுத்த சீசன் தொடங்கும் முன் பதில் வேண்டும். நேஷனல்ஸ் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 44 கோடி சொன்னது, அவர் மறுத்தார், சில வாரத்தில் விற்றார்கள். பின்னால் மெட்ஸ் அவருக்கு 76.5 கோடி கொடுத்ததைப் பார்த்தால் அவர் மறுத்ததும் சரி, விற்றதும் சரி. அவரிடம் அப்போது இரண்டரை சீசன் மிச்சம் இருந்ததால்தான் ஆறு பேர் வந்தார்கள். ஒன்றரை சீசனில் பாதிதான் வரும், அரை சீசனில் ஒன்றிரண்டு பெயர்தான்.

அவர் மறுத்தால், அவரோடு கூட ஆடும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். குறைந்த சம்பளக் கட்டத்தில் நல்ல ஆட்டக்காரர் நால்வராவது இருந்தால் விற்காதீர்கள். இந்த இரண்டு வருடத்துக்கு 30 வயதுக்குக் கீழே ஒரு நல்ல பிட்சரை வாங்கி முட்டிப் பாருங்கள், கடைசியில் அவர் போனால் போகட்டும். நால்வர் இல்லையென்றால் விற்றுவிடுங்கள். அவரை மட்டும் விற்றால் போதும், முழு வீட்டையும் இடிக்கத் தேவையில்லை. குலுக்கல் வந்த பிறகு கடைசி இடத்தைப் பிடிப்பதில் முன்பு இருந்த லாபம் இல்லை. வரும் இளைஞர்களில் தேறுபவரை அடுத்த வருடமே வழி 4இல் கட்டிப்போடுங்கள்.

நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தேதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. வீரர் சங்கத்துக்கும் அணிகளுக்கும் இடையே இப்போதுள்ள தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1இல் முடிகிறது. கடந்த முறை முடிந்தபோது 99 நாள் கதவடைப்பு நடந்தது. வரி எல்லை, ஆறு வருட விதி, டிராஃப்ட் குலுக்கல் எல்லாமே மறுபடி பேச்சுவார்த்தைக்கு வரும். அதற்குள் 12 வருட ஒப்பந்தம் எழுதும் அணி, பாதி விதி தெரியாத ஆட்டத்துக்குப் பணம் கட்டுகிறது. எனக்குக் கேட்டால், 27 வயது ஷார்ட் ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) எழுதுவேன், 31 வயது பிட்சருக்கு மூன்று வருடத்துக்கு மேல் தர மாட்டேன்.